முதலில் கிரீஸ் கன் வாங்குங்க, வின்ச் அப்புறம் பார்க்கலாம்

"பழைய ஜீப் ஒண்ணு அமைஞ்சிருக்கு, என்னென்ன மாட்டலாம்?" என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் நிறையப் பேருக்குப் பிடிப்பதில்லை. வின்ச் என்கிற, கயிறு சுற்றி வண்டியை இழுக்கிற சாதனம் உட்பட ஒன்றும் மாட்டாதீங்க. இருப்பதைக் கழற்றுங்க. முன்னால் வைத்திருந்தவர் போட்ட பெரிய டயர், பட்டறையில் சொல்லி அடித்த கனத்த பம்பர், நெற்றியில் எல்இடி பட்டை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துப் பாருங்க. ஷேக்கிளிலும் (ஸ்பிரிங் பட்டையை சேஸியோடு இணைக்கிற துண்டு) டை ராடிலும் (முன் சக்கரங்களை இணைக்கிற கம்பி) ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு) மூட்டான கிராஸிலும் இருக்கிற, கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள்கள் கடைசியாக எப்போது கிரீஸைப் பார்த்தன என்பது அங்கேயே தெரிந்துவிடும். பாதி நிப்பிள்களைப் பெயிண்ட் மூடியிருக்கும்.

அந்தப் பெயிண்டுக்குக் கேட்ட காசைக் கொடுத்திருப்பார்கள். கிரீஸ் வாங்க மட்டும் கணக்குப் பார்த்திருப்பார்கள். என் வயிற்றெரிச்சல் இதுதான். பழைய ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கிற) வண்டிக்கு வீட்டில் வைத்து நாம் செய்யக்கூடிய வேலையில் முக்கால்வாசி எண்ணெய் பார்ப்பது, கிரீஸ் அடிப்பது, ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சட்டை அழுக்காகச் சம்மதித்தால் போதும்.

என்னிடம் இருப்பது மஹிந்திரா சிஜே 3பி. 1947-லேயே வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்து பூட்ட ஆரம்பித்த கம்பெனி அது. 3பி அமெரிக்காவில் 1953-ல் வந்த மாடல். பானெட் உயரமாக நிற்குமே, அது ஸ்டைலுக்காக வந்ததில்லை. இன்டேக் வால்வைத் தலைக்கு மேலே ஏற்றிய ஹரிக்கேன் இன்ஜின் பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை, அதனால் தூக்கிவிட்டார்கள். என் வண்டியில் அந்தப் பெட்ரோல் இன்ஜின் இல்லை. முந்தையவர் காலத்திலேயே 2112 சிசி பெஜோ டீசல் ஏற்றி, ஆர்சி புக்கிலும் டீசல் என்று மாற்றியாயிற்று.

இப்படி இன்ஜின் மாறிய வண்டி வைத்திருக்கிறவர்கள் முதலில் ஸ்பானர் பெட்டியைப் பார்க்கணும். இன்ஜின் பிரெஞ்சு வழி, எல்லாம் மில்லிமீட்டர். ஆக்சில், ஹப் (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி), ஸ்பிரிங் பட்டை எல்லாம் வில்லிஸ் வழி, இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13-ஆம் நம்பர் ஸ்பானர் "உட்கார்ந்த மாதிரி" இருக்கும், துருப்பிடித்த போல்ட்டில் பலம் கொடுத்தால் தலை உருண்டுவிடும். 9/16-க்கு 14 நுழையாது, 15 லூஸ். முக்கால் இஞ்சுக்கு மட்டும் 19 சரியாகப் பொருந்தும். இஞ்ச் செட் ஒன்று தனியாக வாங்கிவிடுங்க, பழைய இரும்புக் கடையில் கிடைத்தாலும் சரி. ஒவ்வொரு பழைய ஜீப்பிலும் பைப் ரிஞ்ச் கடித்த போல்ட் தலைகளைப் பார்க்கும்போது, அந்த வண்டி எத்தனை கை மாறியிருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

இன்னொன்று. பல வில்லிஸ் வழி ஜீப்களில் இடது பக்கச் சக்கர நட்டு லெஃப்ட் திரெட், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நட்டு ஏறுகிற ஸ்டட் முனையில் சின்னதாக 'எல்' என்று வெட்டியிருக்கும். அது தெரியாமல் பஞ்சர் கடைப் பையன் இரும்புக் குழாயைச் சொருகி ஏறி மிதித்தால் ஸ்டட் கையோடு வந்துவிடும்.

அடியில் படுக்கிறதுக்கு முன்னால் ஒரு விஷயம். இதைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. இந்தப் பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்சிலுக்குப் பலத்தைப் பிரிக்கிற பெட்டி) பின்னால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிளம்புகிற இடத்தில் ஒரு டிரம் இருக்கும். ஹேண்ட் பிரேக் பிடிப்பது அந்த ஷாஃப்ட்டைத்தான். ரெண்டு பின் சக்கரமும் தரையில் இருக்கிறவரை வண்டி அசையாது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினீர்களோ, போச்சு. ஷாஃப்ட் நிற்கும், ஆனால் டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர்) வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் எதிர்ப்பக்கம் உருளும். ஹேண்ட் பிரேக் முழுசாக இழுத்தபடியே வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி இறங்கும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான், கியர் பாக்ஸும் பிடிப்பது அதே ஷாஃப்ட்டைத்தானே. அதனால் சமதளம், தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை, ஆக்சிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட். ஹாலோ பிளாக் கல் வேண்டவே வேண்டாம், அது விரிசல் விடும்போது சொல்லிவிட்டு விடாது.

இப்போது முன் ஆக்சில். என்னைக் கேட்டால் பழைய ஃபோர் வீல் வண்டியின் ஜாதகமே அங்கேதான் இருக்கிறது. விற்கிறவர் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார், "ஒரே செல்ஃப்" என்பார். ஹப்பைக் கழற்றிக் காட்ட மாட்டார்.

மூடியைக் கழற்றினால் ஒரு நட்டு, அதற்குப் பின்னால் வளைத்துவிடுகிற வாஷர், அதற்குப் பின்னால் இன்னொரு நட்டு. இதைத் திறக்கப் பெரிய பாக்ஸ் ஸ்பானர் ஒன்று உண்டு. அது இல்லாமல் உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டியே திறந்திருப்பார்கள், நட்டு முனையெல்லாம் வெட்டு வெட்டாக இருக்கும். உள்ளே இருக்கிற பேரிங்கை வெளியே எடுத்து டீசலில் கழுவி, துணியில் துடைத்து, வெயிலில் பிடித்துப் பாருங்க. உருளைகள் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. ஊசி குத்தியது மாதிரி புள்ளிகள் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ரெண்டுமே தூக்கிப் போடவேண்டிய கேஸ்தான். சுத்தமாக இருந்தால், உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகலமான விளிம்பை அதில் குத்திக் குத்தி இழுங்க. உருளைகளுக்கு நடுவில் மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரணும். மேலே பூசிவிட்டு மூடுவது கணக்கில் சேராது. திரும்ப மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, சக்கரம் பிடிக்கிற இடம் வந்ததும் ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, வாஷரை வளைத்துப் பூட்டணும்.

பேரிங் மாற்ற வேண்டியிருந்தால் "ஜீப் பேரிங் குடுங்க" என்று ஸ்பேர் கடையில் கேட்காதீங்க. என்ன வருகிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. பேரிங்கின் மேலேயே நம்பர் இருக்கும். வில்லிஸ் முன் ஹப்பில் 18590, அதற்கு ஜோடி கப் (வெளி வளையம்) 18520. கிங் பின்னில் (முன் சக்கரம் திரும்புகிற அச்சு) 11590, கப் 11520. இந்த நம்பரைச் சொல்லி பேரிங் மட்டும் விற்கிற கடையில் கேட்டால் நல்ல கம்பெனி சாமான் கிடைக்கும். ஆயில் சீலுக்கும் அப்படித்தான், பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்க. பழைய ஸ்பேர் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் பாதிப் பேர் ஏறவே தேவையில்லை.

சக்கரத்துக்கு உட்பக்கம் பந்து மாதிரி ஒரு உருண்டை தெரியும், அதுதான் நக்கிள். அதன் மேலே வட்டமாக ஒரு சீல். டிஃபரன்ஷியல் பக்கத்து உள் சீல் போய்விட்டால் 90 கியர் ஆயில் அங்கே வந்து கிரீஸைக் கரைத்து, வழிந்து, பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். "வண்டி ஒரு பக்கம் இழுக்குதுங்க" என்று அலைன்மெண்ட் கடைக்குப் போகிறவர்கள் முதலில் அந்த உருண்டையைத் துடைத்துப் பார்க்கணும்.

ஸ்டீயரிங் உதறலும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் முன் சக்கரம் ரெண்டும் வெறி பிடித்த மாதிரி ஆடும். இதற்கு டேம்பர் மாட்டிக் கொடுக்கிறார்கள். ஆட்டம் அடங்கும், காரணம் உள்ளேயே இருக்கும். கிங் பின் பேரிங்கில் இறுக்கம் குறைந்திருக்கும், இல்லையென்றால் டை ராட் முனை தேய்ந்திருக்கும். நக்கிளுக்கு மேலும் கீழும் ஷிம் தகடுகள் உண்டு, அதைக் குறைத்து இறுக்கம் கொண்டுவரணும். டை ராடைக் கழற்றிவிட்டு, பழைய பேப்பர்காரர் வைத்திருக்கிற ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி நக்கிளை இழுத்துப் பார்த்தால் ரெண்டு பக்கமும் ஒரே பலம் கேட்கிறதா என்று தெரியும். வீட்டு வாசலில் செய்கிற வேலைதான்.

இதையெல்லாம் செய்யாமல் 6.00-16 அளவு டயர் போக வேண்டிய இடத்தில் பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்? அந்தக் கனம் முழுக்க இந்தச் சின்ன பேரிங்குகள் மேல் விழும். பழைய டிரம் பிரேக் திணறும். கியர் விகிதம் கெட்டு, மேட்டில் முதல் கியரே இழுக்காது. சட்டமும் ஒத்துக்கொள்ளாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்க, கிங் பின்னுக்காவது இரக்கம் காட்டுங்க.

போடிமெட்டுக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்காரர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பதினேழு கொண்டை ஊசி வளைவு, தினமும் ஏறி இறங்குகிற வண்டிகள். பெயிண்ட் சகிக்காது. ஆனால் காலையில் கிளம்பும்முன் ஒருத்தர் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பார், பட்டை யூ போல்ட்டைத் தட்டிப் பார்ப்பார். (எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்பது வேறு விவகாரம், அதில் எனக்குக் கோபம் உண்டு.) அதில் ஒரு பெரியவர் என் வண்டியில் ஒரு சுற்று வந்தார். ஏறியதும் பாட்டை அணைத்தார். "பாட்டு போட்டா கிராஸ் சத்தம் எப்படித் தம்பி கேக்கும்?" என்றார். "கிராஸ் புதுசுண்ணே" என்றேன். "அப்ப ஷாஃப்ட்டு ஸ்பிளைன் பாரு" என்றார். ஷாஃப்ட்டில் ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற அந்தப் பற்களைப் பார்த்தேன். அதுதான்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் விஷயத்தில் ஒரு சூட்சுமம். கியர் பாக்ஸும் அதுவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நடுவில் இருக்கிற சீல் தேய்ந்தால் ஒன்றின் எண்ணெய் இன்னொன்றுக்குப் போய்விடும். ஒன்றில் குறைந்து இன்னொன்றில் மூடியைத் திறந்ததுமே வழிந்தால், ஒழுகல் வெளியே இல்லை. ரெண்டையும் ஒரே நாளில், வண்டி சமமாக நிற்கும்போது பாருங்க. கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர எண்ணெய், டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. "எல்லாம் 90 தானே" என்று ஒரே டின்னை ஊற்றுகிறார்கள். ஜிஎல்-5-ல் இருக்கிற மருந்து சூட்டில் கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற பித்தளை சிங்க்ரோ வளையத்தைத் தின்னும்.

ஃபோர் வீல் லிவரையும் தொட்டுக்கொண்டே இருக்கணும். டீசல் மிச்சம் என்று முன் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்ட வண்டிகள் எவ்வளவோ உண்டு. பிறகு அவசரத்துக்கு லிவர் விழாது. மாதத்துக்கு ஒரு தடவை மண் தரையில் ஃபோர் வீல் போட்டுக் கொஞ்சம் ஓட்டினாலே எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும். மண்ணில் மட்டும். இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும், தார் ரோட்டில் அந்த வித்தியாசம் வழுக்கிக் கழிய வழியில்லாமல் ஷாஃப்ட்டில் முறுக்காக ஏறும். லிவர் சிக்கிக்கொண்டால் சுத்தியலைத் தேடாமல் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுங்க, பெரும்பாலும் விட்டுவிடும்.

டீசல் லைனில் ஏர் பிடித்தால் அதை எடுப்பது சாதாரண வேலை. ஃபில்டர் மேல் ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் மூடிவிடலாம். திரும்பத் திரும்ப ஏர் பிடித்தால் ரப்பர் ஹோஸையும் செம்பு வாஷரையும் மாற்றுங்க. ஆனால் பம்ப்பையும் நாசிலையும் வீட்டில் பிரிக்காதீங்க, அது டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கிறவர் வேலை. நாசில் பீய்ச்சும்போது எதிரில் விரலைக் காட்டவே கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும்.

பிரேக் வேலை வீட்டில் செய்யலாம், அவசரம் இல்லாதவர்கள் மட்டும். பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட். ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்திலும் பிரேக் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பாதி டப்பாவை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீங்க.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் கருப்பு ஆயில் ஸ்ப்ரே அடிப்பார்களே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. பளபளப்பாகத் தெரியும், பட்டை புஷ்ஷும் பிரேக் ஹோஸும் ஊறி உப்பும், மண் முழுக்க அதில் ஒட்டும்.

பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஆர்சி புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தப் பணத்தைப் பார்த்துப் புலம்புகிற அதே ஆள் எல்இடி பட்டைக்குக் கொடுத்ததைக் கணக்கில் எழுத மாட்டார்.

கடைசியாக ஒரு சொந்த வேலை. 3பி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இன்டர்மீடியட் ஷாஃப்ட் தேய்மானம் இல்லாமல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க. லேத்தில் கடைந்தது வேண்டாம், ஏற்கனவே ஒன்று பார்த்தாயிற்று, முனையில் ஓ ரிங் உட்காரவே இல்லை. தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கம் என்றால் நேரில் வந்து அளவு பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.