பனையோலை கீறினால் பொறுத்துப் பார்க்க முடியாது
கருவிழிக் கீறல் இரண்டொரு நாளில் தானாக ஆறிவிடும் என்று கண் காயம் பற்றிய இந்தக் கட்டுரை சொல்கிறது. தூசி கீறியதென்றால் சரி, ஓலையோ முள்ளோ கீறினால் கதை வேறு. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வேலி அடைக்கும்போது சித்தப்பாவின் கண்ணில் பனையோலை நுனி குத்தியது. அயலில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள்; அவரோ பார்மசியில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். சிவப்பு குறைந்தது, ஐந்தாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி. பூஞ்சைத் தொற்று! ஸ்டீராய்டு அதற்கு உரம் போட்ட மாதிரி. கண் வைத்தியர் கண்ணில் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாகத் தெரியும், சில நிமிட வேலைதான். மேலே கருத்து எழுதிய ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வைத்தியரிடம் காட்ட எங்கே போவது என்கிறார். யாழ் போதனா வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு ஞாயிறும் திறந்துதான் இருக்கும். சித்தப்பா இப்போது கண்ணாடி போட்டுத்தான் ஓலை வெட்டுகிறார், அதுவும் சித்தி பக்கத்தில் நின்றால்தான்.