கோட்டோ டாக்டர் எப்போது லீவு எடுப்பார்?

மாங்கா படித்துக்கொண்டிருக்கிறேன் என்று எங்கள் வீட்டில் சொன்னால், உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்துவரக் கிளம்புவார்கள். அது ஜப்பான்காரர்களின் படக்கதை என்று விளக்கி முடிப்பதற்குள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ‘டாக்டர் கோட்டோ’ விஷயத்தில் மட்டும் அம்மா நகரவில்லை. தீவு, ஒரே டாக்டர், ஒரே நர்ஸ் என்று நான் ஆரம்பித்ததுமே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

யமாடா தகாதோஷி 2000-இல் ‘யங் சண்டே’ வார இதழில் தொடங்கிய கதை இது. 2004-இல் ஷோகாகுகான் மாங்கா விருது வாங்கியது. அதற்கு முந்தைய வருடமே ஃபுஜி டிவியில் தொடராக வந்து, 2006-இல் இரண்டாம் பாகமும் 2022 டிசம்பரில் சினிமாவும் வந்தன. நான் தொடரைப் பார்த்துவிட்டு மாங்காவுக்குப் போனவன். அம்மாவுக்குத் தொடரும் சினிமாவும்தான். சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் நர்ஸின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். “நரம்பு புடிக்கிறது சரியாத்தான் இருக்கு” என்பது அவரிடமிருந்து வந்த முதல் விமர்சனம்.

டோக்கியோவில் பல்கலைக்கழக மருத்துவமனையில் கெட்டிக்கார சர்ஜனாக இருந்த ஒருவர், அங்கே நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, எங்கோ இருக்கிற தீவின் சின்ன மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார். அவருடைய பெயரின் முதல் எழுத்து உண்மையில் ‘கோவா’வில் வரும் கோ. ஊர்க்காரர்கள் செய்த கொடியில் அது ‘கோவில்’ கோ ஆகிவிடுகிறது. ஜப்பானிய எழுத்தில் தலைக்கு மேலே இரண்டு சின்னக் கோடுகள் போட்டால்தான் ஒலி மாறும். கொடியில் அந்தக் கோடுகள் விட்டுப்போகின்றன. இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தை வைத்துக் காலம் தள்ளுகிற நமக்கு இந்த வேடிக்கை புரிய ஒரு நிமிடம் பிடிக்கும். அந்தப் பிழையே அவருக்குப் பெயராக நிலைத்துவிடுகிறது.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது படகு ஆபரேஷனை. மீனவர் ஒருவரின் பையனுக்குக் குடல்வால் வீங்கியிருக்கிறது. பெரிய ஊருக்குப் படகில் ஆறு மணி நேரம். வழியில் குடல்வால் வெடித்துவிட, ஆடுகிற படகிலேயே கோட்டோ வயிற்றைத் திறக்கிறார். பார்க்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் காட்சியின் அசல் விஷயம் கத்தி கிடையாது. பக்கத்திலேயே மருத்துவமனை இருக்கிறது, சர்ஜன் இருக்கிறார். அப்படியிருந்தும் துடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆறு மணி நேரக் கடலை நம்பிக் கிளம்புகிறார் ஒரு அப்பா. மனைவியைப் பறிகொடுத்தவர். தீவுக்கு வருகிற டாக்டர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது: டவுனில் வேண்டாம் என்று தள்ளிவிட்டவர்கள்தான் இங்கே வருவார்கள், வந்தவர்களும் நிற்க மாட்டார்கள். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிபட்டவர்கள் போடுகிற கணக்கு அது.

அம்மா அந்த இடத்தில் தலையை ஆட்டினார். அவர் வேலை பார்த்த பக்கத்திலும் டாக்டர் வருவார், ஊர் முகங்கள் பழகுவதற்குள் மேற்படிப்புக்கோ மாற்றல் வாங்கிக்கொண்டோ போய்விடுவார். ஒரு தடவை எட்டு மாதம் நாற்காலி காலி. “புது டாக்டரய்யா வந்திருக்காருன்னு சொல்லுவேன். எத்தனை நாளைக்குன்னுதான் முதல்ல கேப்பாங்க, பேர கேக்க மாட்டாங்க.” போனவர்களைக் குறை சொல்லவும் அவர் தயாராக இல்லை. குவார்ட்டர்ஸில் மழை ஒழுகும், பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது, அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும் என்பார்.

மாங்கா உலகத்தின் பிரபலமான டாக்டர் என்றால் தெசுகா ஒசாமுவின் பிளாக் ஜாக்தான். 1973-இல் வர ஆரம்பித்த பாத்திரம். லைசென்ஸ் இல்லாத மேதை. தலை சுற்றுகிற ஃபீஸ் கேட்பார், ஆபரேஷனை முடிப்பார், போய்விடுவார். கோட்டோவுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. இன்று தையல் போட்டவரை நாளைக்குக் கடைத்தெருவில் பார்த்தாக வேண்டும். தப்பு நடந்தால் அதே தெருவில்தான் நடந்தாக வேண்டும். எனக்கு இந்தக் கதை பிடித்ததே அதனால்தான்.

கோட்டோவுக்கு நிஜத்தில் ஒரு மூலவர் உண்டு. டாக்டர் செதோஉஏ கென்ஜிரோ, நெஞ்சறை அறுவை சிகிச்சை படித்தவர். ககோஷிமா மாகாணத்துக்கு மேற்கே கடலில் இருக்கும் ஷிமோகோஷிகி தீவுக்கு 1978-இல் வந்தார். அரை வருடம் பார்த்துவிட்டுப் போய்விடுவதாகத்தான் திட்டம். ஓய்வு பெற்றது 2017-இல். அரை வருடம் கிட்டத்தட்ட 39 வருடமாகிவிட்டது. தெஉச்சி என்கிற சின்ன ஊரின் மருத்துவமனையில் இருந்துகொண்டு, டவுனுக்கு அனுப்பியாக வேண்டும் என்று மற்றவர்கள் நினைக்கிற ஆபரேஷன்களையும் அங்கேயே செய்தவர்.

இந்த 39-ஐச் சொன்னால் நம் ஆட்கள் உடனே கையெடுத்துக் கும்பிடுவார்கள். நானும் கும்பிட்டேன். அம்மாதான் கேட்டார்: “அவரு எப்ப லீவு போட்டாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது தொடர் வேறு மாதிரி தெரிந்தது. ஊர் சந்தேகப்பட்ட வரைக்கும் அந்த டாக்டருக்கு ராத்திரித் தூக்கம் இருந்தது. நம்ப ஆரம்பித்த பிறகு அதுவும் போயிற்று. இரண்டாம் பாகத்தில் நர்ஸ் அயாகாவுக்கே மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் செய்ய வேண்டியவரும் கூட வேலை பார்க்கிறவரும் ஒரே ஆள். அங்கே கோட்டோ தடுமாறுகிறார். தடுமாறத்தான் செய்வார், விலகி நிற்க அவருக்கு ஒரு மாற்று ஆள் இல்லையே. ஊரின் நம்பிக்கையை ஒரு மனிதர் மேல் முழுக்க ஏற்றி வைத்தால் என்ன ஆகும் என்று கதைக்குத் தெரிந்தே இருக்கிறது. அதைப் பார்த்து உருகுகிற நமக்குத்தான் தெரிய மாட்டேன் என்கிறது.

‘தியாகம்’ என்ற வார்த்தை மேலேயே எனக்கு இப்போது சந்தேகம். ஒரு டாக்டரைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் இரண்டாவது டாக்டர் வேண்டும் என்று யாரும் மனு கொடுக்க மாட்டார்கள். மாலை போடுவது மலிவு, போஸ்ட் போடுவது செலவு. (ஃபேஸ்புக் போஸ்டைச் சொல்லவில்லை, அது இலவசம்.)

ஜப்பானுக்கு இது தெரியாமல் இல்லை. 1972-இல் டோச்சிகி மாகாணத்தில் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மாகாணமும் வருடா வருடம் இரண்டு மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். படிப்புச் செலவு கடன். ஆறு வருடம் படித்துவிட்டுச் சொந்த மாகாணத்தில், சொல்லுகிற இடத்தில், ஒன்பது வருடம் வேலை பார்த்தால் கடன் தள்ளுபடி. இதில் யாரும் தெய்வமாக வேண்டியதில்லை. ஒருவர் கெடு முடிந்து போனால் இன்னொருவர் வருவார். மாங்காவுக்கு உதவாத சமாச்சாரம்தான். ஒன்பது வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கிற டாக்டரை வைத்து யார் படம் வரைவார்கள்? ஆனால் ராத்திரி ஒரு மணிக்குப் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் எனக்கு வேண்டியது கதவைத் திறக்க ஓர் ஆள். அவர் கெடுவை எண்ணுகிறாரா இல்லையா என்று நான் பார்க்கப் போவதில்லை.

சினிமாவுக்கு வருகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். இருபது வருடம் ஓடியிருக்கிறது, தீவில் வயதானவர்களே மிச்சம். கோட்டோவுக்கே ரத்தப் புற்றுநோய். அன்று படகில் பிழைத்த பையன் டாக்டராகித் திரும்பி வருவான் என்றுதான் நாமெல்லாம் இத்தனை வருடம் காத்திருந்தோம்; அவனால் மருத்துவப் படிப்பை முடிக்க முடியவில்லை. பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர் ஒருவர், இந்தத் தீவின் மருத்துவமே ஒரு மனிதரின் உடம்பை எரித்துத்தான் நடக்கிறது என்கிற மாதிரி கேட்டுவிடுகிறார். அட, கேட்டுவிட்டானே என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குப் படம் என்ன பதில் சொல்கிறது? புயல் அடிக்கிறது, காயம்பட்டவர்கள் குவிகிறார்கள், நிற்கவே முடியாத டாக்டர் எழுந்து எல்லோரையும் பார்க்கிறார். கேள்வியைக் கேட்ட வாயை வயலினால் மூடிவிட்டார்கள். நல்ல நடிப்பு, நல்ல ஒளிப்பதிவு, நானும் அழுதேன். இருந்தாலும் ஏமாற்றிவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி.

மாங்கா அந்த வகையில் நேர்மை. முடிவு சொல்லாமலே 25 தொகுதிகளோடு 2010-இல் நின்றுபோனது. யோனாகுனி தீவில், தைவானிலிருந்து 110 கிலோமீட்டர் தூரத்தில், தொடருக்காகப் போட்ட மருத்துவமனை செட் கடற்கரையில் அப்படியே இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம்.

சினிமா முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்துக்கொண்டே கேட்டார்:

“சரி, நாளைக்குக் காலைல ஓ.பி. யாரு பாப்பாங்க?”