4கே முத்திரை இருக்கிறது, புல்லைத்தான் காணோம்

விளையாட்டு ஒளிபரப்பில் திரையின் மூலையில் '4கே' என்று போட்டுவிட்டால் போதுமா? பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது கேமராவும் கூடவே திரும்புகிறது, உடனே மைதானம் முழுக்கப் பச்சைக் கூழ். கேமரா நின்ற பிறகுதான் புல் திரும்பத் தெரிகிறது.

எல்லாம் பிட்ரேட்டில், அதாவது விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவில், பிடிக்கும் கஞ்சத்தனம். முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் அனுப்பித்தான் வீடியோவைச் சுருக்குகிறார்கள். செய்தி வாசிப்பவரின் முகத்துக்கு அது தாராளம். புல், மழை, கொடியசைக்கும் கூட்டம் என்று அத்தனையும் ஒரே நேரத்தில் நகர்ந்தால், விநாடிக்கு 5 மெகாபிட்டில் எதை அனுப்புவது? படம் கட்டம் கட்டமாக உடையத்தான் செய்யும். 4கே, அதாவது 3840 x 2160 என்றால் ஃபுல் எச்டியான 1080-ஐப் போல நான்கு மடங்கு புள்ளிகள். அதற்கேற்ற பிட்ரேட் தராவிட்டால், ஒழுங்காக வரும் 1080 எவ்வளவோ மேல். 1080-ல் எடுத்ததையே பெரிதாக்கி 4கே என்று அனுப்புவது அதைவிட வயிற்றெரிச்சல்.

படத்தை ஒன்றுவிட்ட வரிகளாகப் பாதி பாதியாக அனுப்பும் பழைய 1080i இன்னும் போகவில்லை. நொடிக்கு 50 அரைப்படம், ஒவ்வொன்றிலும் 540 வரிதான். டிவி அவற்றைச் சரியாகச் சேர்க்காவிட்டால் ஓடுகிறவரின் கை கால் ஓரமெல்லாம் சீப்புப் பல்.

போதாததற்கு டிவியின் 'ஸ்போர்ட்ஸ் மோட்'! அதிலுள்ள மோஷன் ஸ்மூத்திங், நடுவே இல்லாத ஃபிரேமை இட்டுக்கட்டி வேகமான பந்தைச் சுற்றி ஒளிவட்டம் போடுகிறது. படத்தின் புள்ளி இரைச்சலைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் சில சமயம் பந்தையே அழித்துவிடுகிறது. இரண்டையும் அணைத்து, ஷார்ப்னஸையும் இறக்குங்கள். கட்டங்கள் போகாது, பந்தாவது தெரியும்.