லிஃப்ட் நோட்டும் 150 எழுத்தும்

அமெரிக்காவில் இடம் கிடைப்பது அரிதான கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் விண்ணப்பங்களைச் சில ஆண்டுகளாகப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். தொழிலாக அல்ல. நண்பர்களின் பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள் என்று தானாக வந்து சேர்ந்த வேலை. ஒவ்வோர் அக்டோபரிலும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னும் எதைச் சேர்த்தால் இடம் கிடைக்கும்?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. எதையாவது சேர்த்துச் சேர்த்தே பாதி விண்ணப்பங்கள் பாழாகின்றன.

2024இல் ஹார்வர்டுக்கு ஏறத்தாழ 54,000 பேர் விண்ணப்பித்தார்கள். அனுமதி பெற்றவர்கள் 2,000 பேர்கூட இல்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் வகுப்பில் முதலிடத்தில் இருந்த பிள்ளைகள். ஆகவே உத்தரவாதம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிச் சொன்ன ஓர் ஆலோசகருக்குப் பெரிய தொகை கொடுத்தது. அவர் எழுதிக் கொடுத்த கட்டுரையில் அந்தப் பையனைத் தவிர எல்லாம் இருந்தது.

என் கட்சி எளிமையானது. எதையும் சேர்ப்பதற்கு முன் கல்லூரி என்ன கேட்கிறது என்று படியுங்கள். யாரும் படிப்பதில்லை. பல கல்லூரிகள் சேர்க்கைக்குக் கேட்கும் எஸ்ஏடி தேர்வை மூன்றாவது முறை எழுதப்போவதாக ஒரு மாணவன் சொன்னான். விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளின் பட்டியலைக் காட்டச் சொன்னேன். இருந்தவை அத்தனையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள்! அங்கே சேர்க்கையை முடிவு செய்யும்போது எஸ்ஏடி மதிப்பெண்ணை அனுப்பினாலும் பார்க்க மாட்டார்கள். மறுபக்கம், கொரோனா காலத்தில் தேர்வைக் கைவிட்ட எம்ஐடி 2022இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் என்று வரிசையாக அதே வழிக்கு வந்தன. இரண்டு ஆண்டுக்கு முன் விண்ணப்பித்த அண்ணனிடம் கேட்டுத் தம்பி ஏமாறுவது இப்படித்தான்.

பல கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி7 என்றொரு பட்டியல் இருக்கிறது. பள்ளி மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், முன்னாள் மாணவரின் பிள்ளையா என்பது, கல்லூரிமேல் மாணவர் காட்டும் ஆர்வம் ஆகிய ஒவ்வொன்றும் தங்களுக்கு மிக முக்கியமா, முக்கியமா, கணக்கில் எடுப்பார்களா, எடுக்கவே மாட்டார்களா என்று கல்லூரியே குறித்து வைத்திருக்கும். இலவசமாகக் கிடைக்கிறது. ஆர்வத்தைக் கணக்கிலேயே எடுக்காத கல்லூரிக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு தாயை எனக்குத் தெரியும்.

இனி விண்ணப்பத்தின் பத்துக் கட்டங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பாடத்துக்கு வெளியே செய்தவற்றை எழுதப் பத்து இடம் உண்டு. ஒவ்வொன்றின் விவரத்துக்கும் இடைவெளியையும் சேர்த்து 150 எழுத்து. கட்டுரைக்கு 650 சொல். கட்டுரைக்காக மாதக்கணக்கில் உருகுகிறவர்கள் இந்தக் கட்டங்களைக் கடைசி இரவில் நிரப்புகிறார்கள். ஒரு பெண் முதல் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "சேவை மன்றத் தலைவர். தலைமைப் பண்பையும் குழுவாகச் செயல்படுவதையும் கற்றுக்கொண்டேன்." மன்றத்தில் என்ன செய்தாய் என்று கேட்டேன். யோசித்தாள். கூட்டம் நடத்தினோம் என்றாள். சரி, யாரும் சொல்லாமல் நீயாக என்ன செய்வாய்? வெகுநேரம் தயங்கிவிட்டு, அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் காலையில் எந்த மாடியில் நிற்கிறது என்று ஏழு மாதமாக ஒரு நோட்டில் குறித்து வருவதாகச் சொன்னாள். எந்த மாடியில் நிறுத்தி வைத்தால் எல்லோருக்கும் காத்திருப்பு குறையும் என்று கணக்கும் போட்டிருந்தாள். இதை ஏன் எழுதவில்லை என்றேன்.

"அது செயல்பாடா, மாமா? சான்றிதழ் இல்லையே."

பதினேழு வயதுப் பிள்ளையை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். அவள் அப்பாவுக்கும் தயக்கம்தான். விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்றார். சிரித்தால் நல்லது என்றேன். நாள் முழுவதும் மன்றத் தலைவர்களைப் பற்றியே படித்து அலுத்துப்போனவர்கள் அவர்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கதைதான். எம்ஐடி கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரிடமும், மொழி அல்லது சமூக அறிவியல் போன்ற பாடத்தின் ஆசிரியர் ஒருவரிடமும் கடிதம் கேட்கிறது. நூற்றுக்கு நூறு போட்டவரை விட, நீங்கள் தடுமாறியதையும் எழுந்ததையும் பார்த்தவரிடம் போங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆடுகளம் சமமானது என்று நான் நடிக்கப் போவதில்லை. ஒரே எஸ்ஏடி மதிப்பெண் பெற்ற பிள்ளைகளில், வருமானத்தில் மேல்தட்டு ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஐவி லீக் போன்ற உச்சக் கல்லூரிகளில் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகியோர் 2023இல் காட்டினார்கள். அதற்குள்தான் நாம் விளையாட வேண்டியிருக்கிறது.

அதனால்தான் 'எர்லி டிசிஷன்' விஷயத்தில் அவசரப்படாதீர்கள் என்கிறேன். நவம்பரிலேயே ஒரே கல்லூரிக்கு வாக்குக் கொடுத்து, கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று கையெழுத்திடும் முறை அது. சில கல்லூரிகள் பாதி வகுப்பை இதிலேயே நிரப்பிவிடுகின்றன. வாய்ப்பு கூடும் என்பது பொய்யல்ல. ஆனால் மற்ற கல்லூரிகள் தரும் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழி அடைபட்டுவிடும். லிஃப்ட் பெண்ணின் அப்பா கையெழுத்திடத் தயாராக இருந்தார். அதற்கு முன் உதவித்தொகை போகக் குடும்பம் கட்ட வேண்டியதைக் கணக்கிட்டுக் காட்டும், கல்லூரியின் இணையதளத்தில் இருக்கும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' பக்கத்தில் வருமானத்தை உள்ளிட்டுப் பாருங்கள் என்றேன். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு மனிதர் வெகுநேரம் பேசவில்லை.

அந்தக் கல்லூரியை, ஜனவரியில் வழக்கமான முறையில் விண்ணப்பிக்கும் பட்டியலுக்குத் தள்ளினார்கள். நவம்பர் 1க்குள், கட்டுப்பாடில்லாத 'எர்லி ஆக்‌ஷன்' முறையில் வேறு இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். இரண்டிலும் முதல் கட்டத்தில் லிஃப்ட் நோட்டு இருந்தது. மன்றத் தலைவர் ஏழாவதில்.