பஸ் ஏறாதவர்களின் பட்டியல்

எங்கள் ஊர் லயன்ஸ் சங்கத்தில் 12 வருடங்களாக உறுப்பினராக இருக்கிறேன். போன வருடம் செயலாளர். ஆகவே இதை வெளியாள் வைக்கிற குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டு விழுந்தால் எனக்கும் சேர்த்துத்தான் விழும்.

அச்சகம் நடத்துவதால் சங்கத்து அழைப்பிதழ்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஜூலை பிறந்தால் பதவியேற்பு விழா. போன தடவை அழைப்பிதழில் 31 படங்கள். தபால்தலை அளவுக்குச் சுருக்கியும் இரண்டு பேருக்கு இடமில்லை. அவர்களில் ஒருவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சங்கம் நடத்துகிற இலவசக் கண் முகாமுக்கு அடித்த நோட்டீஸோ கால் தாள், ஒற்றை வண்ணம்.

மாதக் கூட்டமும் அப்படித்தான். மணி அடித்து, கொடி வணக்கம் செய்து, சென்ற கூட்டத்தின் தீர்மானங்களை வாசித்து முடிக்க அரை மணி நேரம். அப்புறம் பொன்னாடைகள். பிறந்தநாள் கண்டவருக்கு ஒன்று, மணநாள் கண்டவருக்கு ஒன்று, வெளியூரிலிருந்து வந்த நிர்வாகிக்கு ஒன்று, அவரை அழைத்து வந்தவருக்கும் ஒன்று. ‘டெயில் ட்விஸ்டர்’ என்று ஒரு பதவி உண்டு. கூட்டம் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும், தாமதமாக வந்தவரிடம் அபராதம் வாங்கி உண்டியலில் போடுவதும் அவர் வேலை. பொன்னாடைக்குப் போகிற காசு திரும்பி வராது. முகாமுக்கு உருப்படியாகச் சேர்கிற காசு அந்த உண்டியலில்தான் இருக்கிறது.

லயன்ஸ் சங்கங்களுக்குக் கண் சேவை எப்படி வந்து சேர்ந்தது என்ற கதையை ஒவ்வொரு விழாவிலும் யாராவது சொல்வார்கள். 1925 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த மாநாட்டில், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்து பேசினார்; பார்வையற்றவர்களுக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பெரிய தருணம்தான். எனக்குப் பிடித்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து இல்லினாய் மாநிலத்துப் பியோரியா ஊரில் நடந்தது. ஜார்ஜ் பான்ஹாம் என்ற உறுப்பினர், பார்வையில்லாத ஒருவர் கறுப்புக் கைத்தடியோடு சாலையைக் கடக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்தார். வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தடி தெரியவில்லை. தடிக்கு வெள்ளையடித்து ஒரு சிவப்புப் பட்டை போட்டால் என்ன என்று சங்கத்தில் கேட்டார். (இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக்காரர் ஒருவர் 1921-லேயே தன் தடிக்கு வெள்ளையடித்துவிட்டார் என்பதும் உண்மை. அந்த வழக்கில் நான் சாட்சிக்குப் போகவில்லை.) ஆன செலவு ஒரு டப்பா பெயின்ட். தெருவில் கண்டதை ஒருவர் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் கண் சிகிச்சை என்றாலே மதுரைதான். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 1992-இல் அவர்களே ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாது. புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். என் தாத்தா மூக்கில் அதற்கென்றே ஒரு பள்ளம் இருந்தது. அதே 1992-இல் அங்கே தொடங்கிய பயிற்சி நிறுவனத்தின் பெயரில் லயன்ஸ் என்ற சொல்லும் இருக்கிறது. பன்னாட்டு லயன்ஸ் அமைப்பின் உதவி அதற்குக் கிடைத்தது. பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் எங்களைப் போன்ற சின்ன ஊர்ச் சங்கம் ஒரு முகாமுக்கு உண்மையில் என்ன கொடுக்கிறது? அறுவை சிகிச்சை, லென்ஸ், மருந்து, மூன்று நாள் சாப்பாடு, போக வர பஸ் எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் இடம் பிடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது, வந்த மருத்துவக் குழுவுக்கு டீயும் மதியச் சாப்பாடும் போடுவது எங்கள் வேலை. ஒரு முகாமில் சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகி, கண்ணில் சொட்டு மருந்து விட்ட கிழவர்களை மரத்தடியில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தோம். மைக் என் கையில்தான் இருந்தது.

போன மார்ச் முகாமில் புரை முற்றியவர்கள் என்று 46 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சாயங்காலம் பஸ் ஏறியவர்கள் 37 பேர். அறிக்கையில் 46 என்றே எழுதிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எழுதக் கை வராமல், ஏறாத ஒன்பது பேரின் முகவரியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீடு ஒரு பாட்டி. திண்ணையில் சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண் சுளகின் மேலேயே இல்லை; தெருவைப் பார்த்தபடி விரல் நுனியால் தடவித் தடவி எடுத்தார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். “மதுரையில் என்னைத் தொலைத்துவிட்டு வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?” என்றார். இலவசம், சாப்பாடு உண்டு, பஸ் உண்டு என்று நோட்டீஸில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அசையவில்லை. அடுத்த முகாமுக்குப் பலசரக்குக் கடை அண்ணாச்சியும் பஸ்ஸில் கூட வருகிறார் என்று சொன்னதும்தான் சுளகைக் கீழே வைத்தார். “அவர் கடையில் எனக்கு 640 ரூபாய் பாக்கி இருக்கிறது. என்னைத் தொலைக்கமாட்டார்” என்றார். அண்ணாச்சியிடம் அதற்கு அப்புறம்தான் போய்க் கேட்டேன். அவர் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார்.

பாட்டி கறுப்புக் கண்ணாடியோடு திரும்பினார். பத்து நாளில் டீக்கடையில் சண்டை. இரண்டு வருடமாகத் தனக்கு முக்கால் கிளாஸ்தான் ஊற்றியிருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிந்ததாம்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். பவர் பார்ப்பதும் கண்ணாடி எழுதுவதும் அன்றைக்குத்தான். அந்த நாளில் எங்கள் பேனர் இருக்காது, போட்டோக்காரர் இருக்கமாட்டார், ஆகவே நாங்களும் இருப்பதில்லை.

முகாம் காலமே முடிந்துவிட்டது, இனி நிரந்தரக் கண் மையங்கள்தான் என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். கண் நீர் அழுத்த நோயும் (கிளாக்கோமா) சர்க்கரையால் விழித்திரை கெடுவதும் வருடத்துக்கு ஒருமுறை முகாமில் பார்த்துத் தீர்கிற விஷயங்கள் அல்ல. அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத் தொடர்ந்து மருந்து விட வேண்டும். பக்கத்து ஊர் மையத்தில் இருந்தபடியே மருத்துவரிடம் வீடியோவில் காட்டிவிடலாம் என்றால் நல்லதுதானே. ஆனால் அந்த மையத்துக்குப் போகவும் பாட்டிக்கு ஒரு அண்ணாச்சி வேண்டும்.

அதனால் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். மாதக் கூட்டத்தில் பொன்னாடைக்கு முன்னால், முதல் பொருளாக, பஸ் ஏறாதவர்களின் பட்டியலை வாசிக்க வேண்டும். மரபு இல்லை என்றார்கள். விருந்தினர் முன்னால் அசிங்கம் என்றார்கள். கடைசியில் விருந்தினர் கிளம்பிய பிறகு நிறைவேற்றினார்கள்.

முதல் தடவை வாசித்தபோது பட்டியலில் நான்கு பேர் மிச்சம். அவர்களில் ஒருவர் ஆடு மேய்ப்பவர், 14 ஆடுகள். மூன்று நாள் ஆட்டை யார் பார்ப்பார்கள் என்பது அவருடைய ஒரே கேள்வி. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர், ஆள் வைத்துத் தானே பொறுப்பாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மறுநாள் இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். சட்டையில் சங்கத்துச் சின்னம் குத்திக்கொண்டு வந்திருந்தார் மேலாளர். பெரியவர் கிட்ட வந்து, கையைப் புருவத்துக்கு மேல் வைத்து அதை உற்றுப் பார்த்தார்.

“சிங்கப் படம் போட்டவரிடம் ஆட்டை விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா?”

தங்கை மகன் ஊரிலிருந்து வருகிறானாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பட்டியலில் இன்னும் மூன்று பேர்.