பாடியவருக்குக் கூலி கொடுங்கள்

நான் யுகுலேலே என்ற நான்கு தந்திச் சிறு வாத்தியத்தை வாசித்துப் பாடிய அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியின் காணொலியை உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டதால், நடந்ததை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. வெயிலிலிருந்து நேராகக் குளிரூட்டிய அரங்குக்குள் வந்ததில் தந்திகளின் சுருதி கலைந்திருந்தது. குனிந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, தொகுப்பாளர் என் யுகுலேலேயைப் ‘பொம்மை கிடார்’ என்று அறிமுகப்படுத்த, அரங்கம் சிரித்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். என் சொந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்தி, எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டாகப் பாடச் சொன்னதையும் பொறுத்துக்கொண்டேன். முடிந்தபின் பேசிய தொகையைக் கேட்டபோது, “இவ்வளவு பெரிய மேடை கிடைத்ததே உனக்கு விளம்பரம்தானே?” என்றார்களே அமைப்பாளர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாடியவருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அன்று மைக்செட் போட்டவருக்கும், நாற்காலி வாடகைக்கு விட்டவருக்கும், சாப்பாடு கொண்டுவந்தவருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. அது நியாயம். அந்த நியாயம் பாடியவளுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை?

புதிதாக வருபவர்கள் முதலில் பெயர் வாங்க வேண்டும் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். பெயரும் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் என் முதல் மூன்று பாடல்களை ஒலிப்பதிவு செய்து வெளியிட 42,000 ரூபாய் ஆனது. அது இரண்டு ஆண்டுகளாக டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி, அதாவது உரிமைத் தொகை, கிடையாது. அந்த எண்ணிக்கையை எட்டினாலும் வருவது சில்லறைதான். என்னைப் போன்றவர்களுக்கு மேடைப் பணம்தான் வருமானம். அமைப்பாளர்களே, நீங்கள் சொன்ன விளம்பரத்தால் என் பாட்டைப் புதிதாகக் கேட்டவர்கள் 19 பேர்.

கலையைக் காசாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அவர்கள் தங்கள் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லும் நாள்வரை. நீங்கள் பாடச் சொன்ன சினிமாப் பாட்டை எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும்கூட, 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித்தான் ராயல்டி உரிமையை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கே அந்த நிலை என்றால் நாங்கள் வாய் திறக்காமல் இருக்க முடியுமா?

‘பொம்மை’ என்ற சொல்லையும் விட மனம் வரவில்லை. 1879-இல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹவாயின் ஹோனலூலுவுக்குப் பிழைக்கப் போனவர்களோடு சேர்ந்து போன சிறு வாத்தியத்திலிருந்து பிறந்தது யுகுலேலே. ஹவாய் மன்னர் கலாகவா இதை அரண்மனை விருந்துகளில் வாசிக்க வைத்தார். கிடாரில் மேலே இருக்கும் தந்திதான் தாழ்ந்த சுருதி தரும். இதில் மேலே இருக்கும் நான்காம் தந்தி உயர்ந்த சுருதியில் நிற்கும், அந்தத் துள்ளல் அதனால்தான் வருகிறது. கிரேஸ் வாண்டர்வால் என்ற சிறுமி 2016-இல் அமெரிக்காஸ் காட் டேலண்ட் என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் தன் சொந்தப் பாட்டை இதை வைத்துப் பாடி வென்றபோது அவளுக்கு 12 வயது. நம் ஊரில் மாண்டலின் கச்சேரி மேடைக்கு ஒத்துவருமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, சிறுவனாக வந்த ஶ்ரீநிவாஸ் வாசித்தே பதில் சொன்னார். வாத்தியத்தின் அளவை வைத்து யாரையும் எடை போடாதீர்கள்.

அன்று என் அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் தையல்காரர். கோட் தைத்து மிஞ்சிய சாம்பல் நிறத் துணியில், உள்ளே பஞ்சு வைத்து, என் யுகுலேலேக்கு உறை தைத்துக் கொடுத்தவர். தீபாவளிக்கு முந்தைய இரவு கண் விழித்துத் தைத்த சட்டைக்கு “அப்புறம் தருகிறேன்” என்று போனவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அரங்கம் சிரித்தபோது அவர் தலை குனிந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். திரும்பும்போது பேருந்தில், “காசு குடுத்தாங்களாம்மா?” என்று கேட்டார். குடுத்துட்டாங்கப்பா என்றேன்.

பேசிய தொகை 5,000 ரூபாய். என் வங்கிக் கணக்கு எண்ணை உங்களுக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது.