பீடி மேல் பழி போடாதீர்கள்

எங்கள் பக்கம் வயசானவர் ஒருத்தர் மூச்சு வாங்குது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வி, "பீடி குடிப்பீங்களா?" அடுத்தது, "வீட்ல பீடி சுத்துதாங்களா?" பீடி சுற்றுவதற்குப் பேர்போன முக்கூடலும் மேலப்பாளையமும் இருக்கிற சீமையில் இதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் விசாரணை அத்தோடு முடிந்துவிடுகிறது. என் பெரியப்பாவுக்கும் அப்படித்தான். முதலில் டிபி மருந்து. சளியில் கிருமி இல்லை, இருந்தாலும் மருந்து. பிறகு சீட்டில் 'புகைப்பழக்கம்' ஏறியது. 1971 டிசம்பரில் இந்த மனுஷன் எங்கே இருந்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வங்கக் கடலில் இருந்தார். நீராவியில் ஓடும் பழைய போர்க்கப்பலில் ஸ்டோக்கர், பாய்லர் அறை வேலை. சூடு தாங்க நீராவிக் குழாய் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் சுற்றியிருக்கும். குழாய் ஒழுகினால் அதைக் கையாலேயே பிய்த்துப் போட்டுவிட்டு, ஒழுகலை அடைத்து, புதுசைத் தண்ணீரில் குழைத்து அப்ப வேண்டும். "பீரங்கி ஒவ்வொருக்க வெடிக்கையிலயும் மேலருந்து தேங்காத்துருவல் கணக்கா உதிரும்ல. படுக்கையத் தட்டிட்டுப் படுத்துருவோம்" என்கிறார். குறை சொல்கிற தொனியே கிடையாது. எனக்கு எரிச்சல் வருவதே அதில்தான்.

அந்த நார் நுரையீரலுக்குள் போனால் கரையாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். இப்போது பெரியப்பாவின் விரல் நுனிகள் உருண்டு நகமெல்லாம் கவிழ்ந்துவிட்டன. வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் நின்று மூச்சு வாங்குகிறார். கடைசியாக எடுத்த சிடி ஸ்கேனில் நுரையீரல் உறை மேல் சுண்ணாம்பு படிந்த திட்டுகள். பீடியோ சிகரெட்டோ இந்தத் திட்டுகளை உண்டாக்காது. கப்பலில் அவர் சிகரெட் குடித்தது நிஜம். ஆஸ்பெஸ்டாஸோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்று ஆபத்து பல மடங்கு கூடும் என்பதும் நிஜம். அதற்காகச் சிகரெட்டை மட்டும் எழுதிவிட்டுக் கப்பலை விட்டுவிடுவதா?

டிஸபிலிட்டி பென்ஷன் கேட்டு எழுதினோம். பணிக்காலத்தில் அந்தப் பொருளோடு தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் தரவும் என்று பதில். கடற்படையை விட்டு வெளியே வரும்போது நடந்த மருத்துவச் சோதனையில் நலம் என்று இருக்கிறதாம். நாற்பது வருஷம் ஒளிந்திருக்கிற நோய்க்கு அன்றைய சோதனை என்ன சாட்சி? எந்தக் குழாயில் என்ன சுற்றியிருந்தது என்கிற காகிதம் சேரன்மகாதேவியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரிடமா இருக்கும், கப்பலை ஓட்டியவர்களிடமா?

2006இல் கிளெமான்சோ என்ற பழைய பிரெஞ்சுப் போர்க்கப்பலை உடைப்பதற்காக குஜராத்தின் அலங்குக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் என்று நாடே கொந்தளித்தது, உச்ச நீதிமன்றம் தலையிட்டது, கடைசியில் பிரான்ஸே திரும்ப அழைத்துக்கொண்டது. நல்லது. அதே காலத்துக் கப்பல்களுக்குள் வருஷக்கணக்காக வேர்வை சிந்திய நம் ஆட்களைப் பற்றி அப்போதும் பேச்சில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொல்லி 1995லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. சேரும்போது இல்லாத நோய் படைப்பணியில் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்றால் அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் சொல்லிவிட்டார்கள். அந்த நியாயத்தை, வெளியே வந்தபின் தலைகாட்டுகிற நோய்க்கும் நீட்டினால் என்ன குறைந்துவிடும்?

அமெரிக்கா செய்திருக்கிறது. வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்கிற விஷக் களைக்கொல்லி எந்தச் சிப்பாய் மேல் எவ்வளவு விழுந்தது என்று யாரால் காட்ட முடியும்? அங்கே பணியாற்றியிருந்து, பட்டியலில் உள்ள நோய் வந்தாலே போதும் என்று 1991இல் சட்டம் போட்டார்கள். (அந்த விஷத்திலேயே வாழ்ந்த வியட்நாம் ஜனங்கள் போட்ட வழக்கை மட்டும் 2005இல் தள்ளிவிட்டார்கள். அது தனி வயிற்றெரிச்சல்.)

வக்கீல் ஒருவர், தொழுவத்துக் கூரையை மாற்றிவிடுங்கள் என்றார். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. நாளைக்கு நோய் அதிலிருந்து வந்தது என்பார்களாம்.

சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகப்போகிறோம். 1970 வாக்கில் நீராவிக் கப்பல்களில் பாய்லர் அறையிலோ எஞ்சின் அறையிலோ இருந்தவர்கள் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். "குழாயில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, நானும் பிய்த்தேன்" என்று உங்கள் டிஸ்சார்ஜ் புக் நகலோடு ஒரு வாக்குமூலம் வேண்டும். அப்படியே நீங்களும் ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். டாக்டரிடம் பீடிக்கு முன்னால் கப்பலைச் சொல்லுங்கள்.